இரண்டாம் கணு

ஜூன் 3, செவ்வாய்

இன்றிலிருந்து கடையில் ஒரு நோட்டு. யாராவது கையை வெட்டிக்கொண்டால் அதில் எழுத வேண்டுமாம். பெயர், தேதி, எந்தக் கை, எந்த விரல், எப்படி நடந்தது. ரஹ்மத்நிஷா மேடம் ஸ்கேல் வைத்துக் கட்டமே போட்டுக் கொண்டுவந்துவிட்டார். கடை அவருடையது, கட்டமும் அவருடையது. மே மாதத்தில் மட்டும் நான்கு வெட்டு. அதில் ஒன்று என்னோடு வேலை செய்யும் இந்துஜாவின் விரல். கல்யாணப் பெண்ணின் நெற்றியில் ரத்தம் சொட்டி, அந்தப் பெண்ணின் அம்மா போட்ட கூச்சல் தில்லைநகர் முழுக்கக் கேட்டிருக்கும்.

"வசுமதி, நீதான் இங்க சீனியர். இந்தப் பொறுப்பு உன்னோடது. இனிமே ஒரு பொண்ணு கையிலயும் பிளாஸ்திரி பார்க்கக் கூடாது" என்றார் மேடம்.

பத்தொன்பது வருடமாகப் பெண்களுக்கு முடி வெட்டுகிறேன். இப்போது மற்றவர்கள் விரலுக்கு வாட்ச்மேன் வேலை. கட்டத்துக்குள் எழுதினால் என் எரிச்சல் அடங்காது. அதனால் இந்த டைரி. என் வீட்டுக்காரர் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதப் பக்கம் வெறுமனே கிடந்தது.

ஜூன் 5, வியாழன்

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் முடியை இழுத்துப் பிடிக்கிறோம். வலது கை வெட்டுகிறது. விரல் நுனியிலிருந்து இரண்டாம் கணு வரைதான் வெட்ட வேண்டும். அதைத் தாண்டினால் விரலின் சதை மேடாக இருக்கும், கத்தரி நுனி நேராக அதில்தான் போய் நிற்கும். கற்றுக்கொள்ளும் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் கேட்பதில்லை.

'இரண்டாம் கணுவைத் தாண்டாதே' என்று பேப்பரில் எழுதி ஐந்து கண்ணாடியிலும் ஒட்டினேன். மதியம் ஒரு கஸ்டமர் அதைப் படித்துவிட்டு, "நல்ல வாக்கியம்மா, எந்த சாமியார் சொன்னது?" என்று கேட்டார்.

இந்துஜா சிரித்த சிரிப்பில் அவள் கத்தரி கீழே விழுந்தது. நல்லவேளை, தரையில்.

ஜூன் 9, திங்கள்

மேடம் ஆன்லைனில் வரவழைத்த விரல் உறைகள் வந்தன. ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று, பச்சை நிறம். நடுவிரலில் மாட்டிக்கொண்டால் கத்தரி பட்டாலும் வெட்டாதாம்.

பிரிஸ்கில்லா அரை மணி நேரம் மாட்டிப் பார்த்தாள். என் பக்கத்து நாற்காலிக்காரி, நல்ல வேலைக்காரி, வாயும் நீளம். "அக்கா, முடி வழுக்கிக்கிட்டே போகுது. கஸ்டமர் வேற, கையில என்ன புண்ணாம்மான்னு கேக்குறாங்க" என்று கழற்றி வைத்துவிட்டாள். இந்துஜாவின் உறை கழன்று தலை அலசும் தொட்டியின் ஓட்டைக்குள் போய்விட்டது. தண்ணீர் அடைத்து, பிளம்பர் வந்து, இரண்டு மணி நேரம் போச்சு.

நானும் மாட்டிப் பார்த்தேன். எனக்கும் சரிப்படவில்லை. விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்ததைப் பிரிஸ்கில்லாதான் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். மட்டமான சரக்கு.

ஜூன் 10, செவ்வாய்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, ஒரு காலில் செருப்பே இல்லை என்று யாரோ ஒரு அம்மாள் சொன்னார். வார் தொளதொளத்துப் போன செருப்பு. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 14, சனி

வீட்டுக்காரரிடம் வாய் தவறி விரல் உறை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் தப்பு.

தண்டபாணி துவாக்குடியில் ஒரு இரும்பு பேப்ரிகேஷன் கம்பெனியில் பாதுகாப்பு சூப்பர்வைசர். வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு இருக்கும், தினமும் காலையில் எண்ணை மாற்றுவது இவர் வேலை. வீட்டிலும் அதே ஆள்தான். மிக்ஸியைக் கழுவும் முன்னால் பிளக்கைப் பிடுங்கினாயா என்று கேட்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது.

இன்று மெல்லிய அலுமினியத் தகட்டில் மோதிரம் மாதிரி வளைத்து, ஓரம் உரசாமல் அரம் போட்டு, ஐந்து விரல் காப்பு செய்துகொண்டு வந்து நிற்கிறார்.

"மாட்டிப் பாரு வசு. இறுக்குதா?"

"இல்லையே, சரியாத்தான் இருக்கு."

"ரொம்ப இறுக்கமா இருக்கே, விரல் நுனி வெளுத்துப் போச்சு பாரு."

"நான்தானே மாட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். இவருக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும்.

காபி வேறு ஆறிப்போய் இருந்தது. டம்ளரைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது. அதைச் சொன்னால், வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டதாக நடிக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

அலுமினியக் காப்பு முடியைப் பிடித்து இழுக்கிறது. கஸ்டமர்கள் "ஆ" என்கிறார்கள். அதுவும் போச்சு.

கடைசியில் என் யோசனைதான் வேலை செய்கிறது. எல்லாரும் ஆறு இஞ்ச் கத்தரி வைத்திருந்தார்கள். எங்கள் பெண்களின் விரலுக்கு அது நீளம். ஐந்து இஞ்ச் கத்தரியாக மாற்றச் சொன்னேன். அதன் நுனி இரண்டாம் கணுவுக்கு அந்தப் பக்கம் சுலபமாக எட்டாது. சீப்பை எடுக்கும்போது கத்தரியை மூடி உள்ளங்கைக்குள் வைக்காதவளை அங்கேயே நிறுத்தினேன். வேலை நேரத்தில் எல்லா போனும் டிராயருக்குள். பத்து நாளாக நோட்டில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை.

சாயங்காலம் என் கஸ்டமரின் கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. மருதாணி என்று நினைத்தேன். பார்த்தால் என் நடுவிரல். கீறல்தான், ஒன்றுமில்லை. புதுக் கத்தரி அநியாயத்துக்குக் கூர். இதையெல்லாம் நோட்டில் எழுதினால் நோட்டுக்கே மரியாதை இருக்காது.

ஜூன் 27, வெள்ளி

இன்னொரு கீறல். ஏசிக்குக் கீழே நின்றால் விரல் மரத்துப்போகிறது, அதனால்தான். என் நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்ல வேண்டும்.

பிரிஸ்கில்லா பார்த்துவிட்டாள். "அக்கா, ரத்தம்" என்றாள். "தெரியும்" என்றேன். "எப்பலேருந்துக்கா?" என்றாள். இது என்ன கேள்வி? "உன் கஸ்டமரைப் பாரு" என்று அனுப்பினேன்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு மாதம் முடிந்தது. மேடம் நோட்டைப் பிரித்துக் காட்டி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். மைசூர்பாகு கொடுத்தார். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். பிறகு தாகம் தாங்கவில்லை, ஒரு பாட்டில் தண்ணீர். கடையில் டாய்லெட் ஒன்றுதான், எந்த நேரமும் யாராவது உள்ளே. நான் கதவைத் தட்டுவதைப் பற்றி இந்துஜா ஏதோ கிண்டல் செய்கிறாள்.

பாராட்டும்போது பிரிஸ்கில்லா மட்டும் கை தட்டவில்லை. பொறாமை.

ஜூலை 11, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

பதினொரு மணிக்கு சந்திரமதி மேடம் வந்தார். மகளிர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். கழுத்தளவு முடி, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம்தான் வெட்டிக்கொள்வார், எட்டு வருடமாக. பேசிக்கொண்டே பின்பக்கம் முடித்து வலது பக்கத்துக்கு வந்தேன். அவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அலறினார்.

"காது! என் காதை வெட்டிட்டீங்க!"

காது, கழுத்து, துணி எல்லாம் ரத்தம். நானும் அவர் காதைத்தான் பிடித்துப் பார்த்தேன். காதில் ஒன்றுமே இல்லை. நான் தொட்ட இடமெல்லாம் புதிதாகச் சிவந்தது. அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நடுவிரலின் உட்பக்கம், இரண்டாம் கணுவுக்குக் கீழே, வெள்ளையாக ஏதோ தெரிகிற அளவுக்குத் திறந்திருந்தது. தரையில் பின்பக்கம் வெட்டிய முடியும் நனைந்திருந்தது. அப்படியென்றால் பின்பக்கம் வெட்டும்போதே. பத்து நிமிடமாவது இருக்கும்.

ரஹ்மத்நிஷா மேடம் ஓடிவந்து துண்டைச் சுற்றினார். "எப்படிடி? எப்படி இவ்வளவு நேரம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "கத்தரி கூர் மேடம், புதுசு" என்றேன்.

"பொய் மேடம்" என்றாள் பிரிஸ்கில்லா. "இது அஞ்சாவது தடவ. எதையும் அக்கா நோட்டுல எழுதல."

எனக்கு வந்த கோபத்தில் துண்டைப் பிடித்திருந்த மேடத்தையும் தள்ளிவிட்டேன். "நீ என்னை வேவு பாத்தியா? என் இடத்துக்கு வரணும்னா நேரா கேளுடி."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்க இடம் எனக்கெதுக்குக்கா? நாங்கல்லாம் வெட்டிக்கிட்டா கடையே அதிர்ற மாதிரி கத்துவோம். நீங்க ஒரு தடவகூட கத்தல. அய்யோன்னுகூட சொல்லல. வெட்டிக்கிட்டே இருக்கீங்க. எனக்குப் பயமா இருக்குக்கா."

சந்திரமதி மேடம் பாதித் தலையோடு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

ஜூலை 12, சனி

நேற்று ஆறு தையல். மரத்துப்போகும் ஊசி வேலை செய்ய நேரமாகும் என்று டாக்டர் காத்திருந்தார். எனக்குப் பொறுமை இல்லை, தையலைப் போடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். இன்று ரிசல்ட்டோடு வரச் சொன்னார். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

டாக்டர் ஒரு கைப்பிடியில் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை செருகியதை எடுத்தார். "கண்ண மூடிக்குங்கம்மா. நான் தொடுறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க. கால்லேருந்து ஆரம்பிக்கிறேன், அப்புறம் கை."

கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாருக்கோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். ஒரு தடவை சுண்டுவிரலில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது, 'ம்' என்றேன். பிறகு காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?"

"முடிச்சிட்டேம்மா."

கண்ணைத் திறந்தேன். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

சர்க்கரை முந்நூற்று நாற்பது. மூன்று மாதச் சராசரியும் அதற்கேற்ற மாதிரிதான். பல வருடமாக இருந்திருக்க வேண்டும், நரம்பைத் தின்றிருக்கிறது என்றார். இடது மணிக்கட்டில் நரம்பு தனியாக நசுங்கியும் இருக்கலாம், அதற்கு வேறு ஒரு டெஸ்ட். நசுங்கியதை ஆபரேஷனில் விடுவிக்கலாம், தின்றதை முழுசாகத் திரும்ப வாங்க முடியாது. அவர் சொல்லும் வரை கத்தரியைத் தொடவே கூடாது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது சுகர் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. மிக்ஸி பிளக்குக்கு அரை மணி நேரம் பேசுகிற மனுஷன். பேசியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தொலைத்திருப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

டாக்டரிடம் சொன்னது சரியில்லை. மூன்று வருடம் முன்னால் ரோட்டோரத்தில் இலவச முகாம் போட்டிருந்தார்கள். விரலில் குத்தி, ஒரு சீட்டில் எண்ணை எழுதி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். அதற்குச் சற்றுமுன் ஜிலேபி சாப்பிட்டிருந்தேன். ஜிலேபியால்தான் என்று முடிவு செய்து சீட்டைக் கிழித்துவிட்டேன். என் அம்மாவுக்குக் கால் விரலை எடுத்தது இதே வியாதியில். அந்தச் சீட்டை நான் யாரிடமும் காட்டவில்லை.

இன்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தினமும் காலையில அந்த போர்டுல நம்பர் மாத்திட்டு வரேன் வசு. வீட்ல ஒருத்தி சுடு டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு ஆறிப்போச்சுங்கறா, அது எனக்குத் தெரியல" என்றார்.

அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது? "மாவு இறுகிப் போச்சு, தண்ணி விடுங்க" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

மேடம் கோபப்படுவார் என்று நினைத்துத் தயாராகப் போனேன். அவர் முதலில் கேட்டது வேறு. "உன் ரத்தம் எத்தன பேர் தலையில பட்டிருக்கும் வசுமதி?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் பிரச்சினை. எனக்குத் தெரிந்திருந்தால் ரத்தமே பட்டிருக்காது.

என்னை இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தொற்றக்கூடியது எதுவும் இல்லை. ரிசல்ட்டைச் சந்திரமதி மேடத்துக்கு அவரே போன் செய்து சொன்னார். நான் பேசவில்லை.

"கத்தரி வேணாம். ரிசப்ஷன்ல உக்காரு" என்றார். வேறு வழி?

ஜூலை 28, திங்கள்

ரிசப்ஷன் என்பது நரகம். போனில் ஒருத்தி "பாப் கட்டுக்கும் லேயர் கட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறாள். இருபது நிமிடம் சொன்ன பிறகு, "சரி, வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று வைத்துவிடுகிறாள். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, கூட்டம் இல்லை. நாள் முழுக்க மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். என் நாற்காலியில் இந்துஜா பையை வைக்கிறாள்.

பிரிஸ்கில்லாவோடு பேசி இரண்டு வாரம் ஆகிறது. டீ வந்தால் சர்க்கரை போடாத டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

"பிரிஸ்கில்லா, அன்னிக்கு உன்னைச் சொன்னது தப்பு" என்றேன். "எந்த அன்னிக்குக்கா? நீங்க என்னைத் திட்டாத நாள் ஏது?" என்றாள். சரிதான்.

ஆகஸ்ட் 20, புதன்

மணிக்கட்டில் ஆபரேஷன் முடிந்தது. சர்க்கரை இறங்குவதற்காக இவ்வளவு நாள் காத்திருந்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டியும் தேறலாம், நடுவிரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெட்டு விழுந்ததும் அதில்தான், நரம்பு கெட்டதும் அதில்தான். ஒரே விரலுக்கு எத்தனை கஷ்டம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆள்காட்டியில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. நல்ல அறிகுறியாம். நடுவிரல் கட்டை. கத்தரி பிடிக்கும் வலது கை தப்பித்தது, சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மந்தம்.

இடது விரல்களால் முடியைப் பிடித்து வெட்டுவது இனி முடியாது. அது தெரிந்துவிட்டது. ஆனால் விரல் எதற்கு? ஆண்கள் சலூனில் சீப்பால் முடியைத் தூக்கி, சீப்புக்கு மேலே வெட்டுகிறார்கள். கத்தரிக்குப் பக்கத்திலேயே விரல் போகாது. பத்தொன்பது வருடம் இதைப் பார்த்து இளக்காரமாகப் பேசியவள் நான்.

வீட்டுக்காரரைத் துண்டு போட்டு உட்காரவைத்தேன். ஆறிவரும் காயத்துக்கு மேல் ஒரு கையுறை, சீப்பு, கத்தரி. அரை மணி நேரத்தில் அவர் பின்தலை மலைக்கோட்டைப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது.

"நாளைக்குக் கம்பெனியில ஹெல்மெட்ட கழட்டவே மாட்டேன்" என்றார்.

அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டார், இன்னும் வெட்டு என்பது போல.

செப்டம்பர் 29, திங்கள்

வீட்டுக்காரர் தலையில் இனி வெட்ட ஒன்றும் இல்லை. பிரிஸ்கில்லா தன் தலையைக் கொடுத்தாள். கழுத்தளவுக்குச் சீப்பிலேயே நேர்க்கோடு கொண்டுவருவது பெரிய பாடு. ஒரு மணி இருபது நிமிடம். கோடு கோணல். திட்டிக்கொண்டே வெட்டினேன், அவளும் பதிலுக்குத் திட்டினாள்.

டாக்டர் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டார். மேடம் ஒரு நிபந்தனை வைத்தார். உட்காருகிறவர்களிடம் முதலிலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது என்றேன். "அப்ப ரிசப்ஷன்" என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

கதவைத் திறந்துகொண்டு சந்திரமதி மேடம் உள்ளே வந்தார். மூன்று மாதம் கழித்து. போன தடவை பாதியில் விட்டதை வேறு எங்கோ சரி செய்திருக்கிறார், நன்றாகவே இல்லை. என் மேஜைக்கு முன்னால் நின்று, "வசுமதி, இருக்கீங்களா? ரெண்டு மணிக்கு கிளாஸ். சீக்கிரம் வெட்டி விட்டுடுங்க" என்றார். அன்று எதுவுமே நடக்காத மாதிரி.

பிரிஸ்கில்லாவைக் காட்டிவிட வாயெடுத்தேன். ரஹ்மத்நிஷா மேடம் தலையை நிமிர்த்தாமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இந்துஜா டிரையரை நிறுத்தினாள்.

எழுந்து நின்றேன். குரல் எனக்கே சகிக்கவில்லை, கத்துகிற மாதிரி வந்தது.

"மேடம், எனக்கு சுகர். இந்த விரல்ல உணர்ச்சி கிடையாது. அன்னிக்கு வெட்டுனதே எனக்குத் தெரியல. அதுக்கு முன்னாடியும் வெட்டியிருக்கேன், உங்ககிட்ட சொல்லல. இப்போ சீப்பு வச்சுதான் வெட்டுறேன், விரலே பக்கத்துல வராது. ஆனா ரொம்ப நேரம் ஆகும். புதுசா கத்துக்கிட்டது. கோணலாகூட போகலாம். வேணாம்னா பிரிஸ்கில்லாகிட்ட உக்காருங்க, அவ என்னைவிட நல்லா வெட்டுவா."

கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையில் டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். ஏன் சொன்னோம் என்று இருந்தது.

சந்திரமதி மேடம் வாட்ச்சைப் பார்த்தார். "எவ்ளோ நேரம்?"

"ஒன்றரை மணி நேரம்."

எரிச்சலோடு உச்சுக் கொட்டினார். கைப்பையில் போனைத் தேடி எடுத்தார். யாரையோ கூப்பிட்டு, "ரெண்டு மணி கிளாஸை நீ எடுத்துக்கறியா? எனக்கு ஒரு வேலை வந்துடுச்சு" என்றார். பிறகு என் நாற்காலியில் இந்துஜாவின் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. முதுகு கழன்றுவிட்டது. நடுநடுவே இடது கையைத் தூக்கிக் கண்ணால் பார்த்துக்கொண்டேன், வேறு வழியில் தெரியாது. துணி வெள்ளையாகவே இருந்தது.

முடிந்ததும் அவர் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பினார்.

"இடது பக்கம் கொஞ்சம் நீளமா இருக்கே."

"நானும் பாத்தேன்" என்றேன். "எழுந்திரிக்காதீங்க."